குறுக்கே வந்த ஆள்

விளக்கு வைக்கிற நேரம் கழிந்து நன்றாக இருட்டியிருந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில், முசரவாக்கம் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்குகிற ஒரு மண் பாதை... இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பேருக்குக்கூட ஒரு தெருவிளக்கு இல்லை. அந்தப் பாதையில் ஒரு வெள்ளை மாருதி கார் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

நள்ளிரவு இல்லை. அமாவாசையும் இல்லை. நெருங்கி உட்கார்ந்துகொள்ளுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ வாசனை என்று காத்துக்கொண்டிருப்பவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்தக் கண்றாவி எதுவும் இதில் கிடையாது. இது நம் டேனியலின் அக்கா எஸ்தருக்கு நடந்தது. ஊரே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து எட்டாம் வருஷம்.

எஸ்தர் அப்போது ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. நிரந்தரமாக வேண்டுமென்றால் துறையில் மூத்தவனான ஸ்ரீசரண் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். சின்ன காஞ்சிபுரத்துக்காரன், அமெரிக்காவில் இரண்டு வருஷம் படித்தவன். அவனுக்கு உலகத்தில் இரண்டே ஜாதி. ஒன்று ஸ்ரீசரண். இன்னொன்று மடையர்கள்.

மாணவர்கள் மடையர்கள். பிரின்ஸிபால் மடையர். கோயில் கைங்கர்யம் பார்க்கிற சொந்த அப்பாகூட அவனுக்கு மடையர்தான். எஸ்தர் எந்த வகை என்று அவன் வாய் விட்டுச் சொன்னதில்லை. அவள் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். அவ்வளவுதான். எஸ்தரும் சளைத்தவள் இல்லை. மனதுக்குள் அவனுக்கு வெங்கலப் பானை என்று பேர் வைத்திருந்தாள். தட்டாமலே சத்தம் போடும்.

அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்றால், வெளிச்சத்தில் குரலை அனுப்புவது. ஒயர் கிடையாது, ரேடியோவும் கிடையாது. வெள்ளை எல்.இ.டி. விளக்கை நம் பேச்சுக்கு ஏற்றபடி துடிக்க வைத்தால், அது ஒரு வினாடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. சும்மா எரிகிற மாதிரிதான் இருக்கும். எதிரே மிளகு அளவுக்கு ஒரு சின்ன கண், அதற்குப் பின்னால் ஒரு பெட்டி, ஒரு ஸ்பீக்கர். வெளிச்சம் அந்தக் கண்ணில் விழுந்தால் பேச்சு கேட்கும். குறுக்கே கையை வைத்தால் நின்றுவிடும்... வெறும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சும்.

பெட்டியைச் செய்தவள் எஸ்தர். ‘என் சிஸ்டம்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் ஸ்ரீசரண்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம். எந்த விளக்கைக் கண்டாலும் சத்தம் போடும். டியூப் லைட்டைக் காட்டினால் ‘ஙொய்ய்’ என்று வண்டு போலக் கத்தும். தெருவிளக்குக்கு உறுமும். மெழுகுவர்த்தியைக் காட்டினால் மெத்தையைத் தட்டுவது மாதிரி ‘பொத்... பொத்’ என்னும். அதனால் சோதனை செய்ய விளக்கே இல்லாத, நீளமான இடம் தேவைப்பட்டது. ஸ்ரீசரண் அப்பாவுக்குத் தெரிந்தவர் துரைக்கண்ணு. அவருடைய ரைஸ் மில் முசரவாக்கத்துக்கு அப்பால் பல வருஷமாக மூடிக் கிடந்தது. மின்சாரத்தையே துண்டித்துவிட்டார்கள். அதன் நீண்ட கோடவுன் இதற்கென்றே கட்டியது போல இருந்தது.

மில் வாசலில் காவல்காரர் லாந்தரை உயர்த்திப் பிடித்தார். பேர் சின்னப்பையன். எஸ்தரின் சித்தப்பா. அது ஸ்ரீசரணுக்குத் தெரியாது.

“வாங்க சார்... வாமா,” என்றார் பொதுவாக. எஸ்தர் தலையை ஆட்டினாள்.

“அந்த லாந்தரை அணைச்சுத் தொலைங்க,” என்றான் ஸ்ரீசரண். “நாங்க வெளிய வர்ற வரைக்கும் உள்ள எட்டிக்கூடப் பாக்கக் கூடாது.”

உள்ளே வௌவால் நாற்றம், பழைய உமியின் தூசி. கோடவுனின் ஒரு கோடியில் விளக்கை ஸ்டாண்டில் நிறுத்தினான். ஸ்கூட்டர் பேட்டரி, லேப்டாப். மறு கோடியில் எஸ்தர் தன் பெட்டியோடு தரையில் உட்கார்ந்தாள். லேப்டாப்பில் அவன் குரலைப் பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருந்தான். கல்லூரிக் கண்காட்சிக்கு வரும் ஊர்க்காரர்களுக்காகத் தமிழில் பேசியிருந்தான். பால்வாடிப் பிள்ளைகளிடம் பேசுவது போல, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி.

“வணக்கம். நான் ஸ்ரீசரண். உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒயர் இல்லை. வெளிச்சம் மட்டும்தான். என் குரல் இந்த வெளிச்சத்தில் ஏறி வருகிறது. குறுக்கே ஆள் வந்தால் நிற்கும். விலகினால் மறுபடியும் கேட்கும். இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.”

சுத்தமாகக் கேட்டது. பல்லிடுக்கில் அவன் காற்றை இழுப்பதுகூடக் கேட்டது. எஸ்தருக்கே உடம்பு சிலிர்த்தது. சந்தோஷத்தில்தான்.

“வணக்கம். நான் ஸ்ரீசரண். உங்களுக்கும் எனக்கும் நடு...”

ஸ்ஸ்ஸ்.

“...இல்லை. வெளிச்சம் மட்டும்தான்.”

“யாரு குறுக்க வந்தது?” என்று கோடியிலிருந்து கத்தினான்.

“யாரும் வரல சார்.”

கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் மறுபடியும் வெட்டு. ஒரு சின்ன வெட்டு... உடனே ஒரு நீண்ட வெட்டு. சின்னது... நீண்டது. ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை இழுத்துக்கொண்டு யாரோ வெளிச்சத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற மாதிரி.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். மறு கோடியில் விளக்கு வெள்ளைப் புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது. அசையவில்லை. மறையவும் இல்லை. அவள் கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் பெட்டிக்கு முன்னால் ஏதோ போய்ப் போய் வந்தது.

அப்போதுதான் அந்த வாசனை. நெல் வேகிற வாசனை... ஊறவைத்த நெல்லை ஆவியில் புழுக்கும்போது வருமே, அந்தச் சூடான வாசனை. பாய்லரைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனையோ வருஷமான மில் அது.

ஸ்ரீசரண் வெளியே பாய்ந்தான். வாசலில் சின்னப்பையன் இல்லை. பீடி வாங்கிக்கொண்டு பாதையில் மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

“பின்பக்கமா உள்ள வந்துட்டு, இப்ப நல்லவன் மாதிரி முன்பக்கம் வர்றியா?”

“நான் எங்க சார் வந்தேன்? கடைக்குப் போய்க்கினு...”

“குடிச்சிருக்கே. நாறுது.”

“சத்தியமா இல்ல சார்.”

“ஏய், உங்க ஆளுங்க சத்தியத்தப் பத்தி எனக்குத் தெரியும்.”

பெட்டியோடு பின்னாலேயே வந்த எஸ்தர் அதைக் கீழே வைத்தாள். “சார்,” என்றாள். “அவர் என் சித்தப்பா.”

ஸ்ரீசரண் அவளை மேலும் கீழும் பார்த்தான். அதுவரை அவன் அவளை அப்படி நேராகப் பார்த்ததே இல்லை. அப்புறம் சிரித்தான்.

“அப்படியா? அதான பாத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னான். மறுநாள் காலையில் துரைக்கண்ணு ஆள் அனுப்பிச் சின்னப்பையனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

சித்தப்பா ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. அன்று இரவு எஸ்தரிடம் அவரே சொன்னார்: “பொய் சொல்லக் கூடாதுமா. நான் அந்தக் கோடவுனுக்குள்ள ஒரு நாளும் போனதில்ல. இருட்டினா கேட்டப் பூட்டிட்டு டீக்கடை பெஞ்சுல தூங்கிடுவேன். பயமா இருக்கும்.”

“என்ன பயம் சித்தப்பா?”

“யாருக்குத் தெரியும்? உள்ள போனாத்தான தெரியும்.”

பிரமாதமான காவல். ஆனாலும் அவர் குறுக்கே வரவில்லை. எஸ்தருக்கு அது போதும். அடுத்த நாள் துறை அறையில், எல்லோர் முன்னாலும் ஸ்ரீசரணிடம் போய் நின்றாள்.

“இன்னைக்கு மறுபடி போவோம் சார். இப்ப அங்க வாட்ச்மேன் கிடையாது. கதவ உள்பக்கம் தாழ் போட்டுக்கலாம். இன்னைக்கும் கட் ஆச்சுன்னா, எங்க சித்தப்பாகிட்ட நீங்க மன்னிப்பு கேக்கணும்.”

“ஆகலன்னா?”

“நான் வேலைய விட்டுட்டுப் போறேன்.”

அறையில் யாரோ இருமினார்கள். ஸ்ரீசரண் கார் சாவியை விரலில் சுழற்றினான். “டீல்,” என்றான்.

அன்று சாயங்காலம் மறுபடியும் அதே மண் பாதை. கோடவுனைச் சுற்றி இருவரும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பின்கதவு துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. ஜன்னல்களுக்குக் கம்பி. முன்கதவை ஸ்ரீசரணே உள்ளே தாழிட்டு, தாழில் தன் கர்ச்சீப்பையும் முடிச்சுப் போட்டான். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, “இனிமே பேய்தான் வரணும்,” என்றான்.

விளக்கு எரிந்தது. குரல் வந்தது. ஒரு சுற்று ஓடியது. இரண்டாவது சுற்றும் ஓடியது. வெட்டே இல்லை.

“ராஜினாமா எழுதத் தெரியுமா எஸ்தர்? இங்கிலீஷ்ல எழுதணும்,” என்று கோடியிலிருந்து குரல் கொடுத்தான்.

எஸ்தர் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“வணக்கம்... ஸ்ஸ்ஸ்...”

சின்னது... நீண்டது. சின்னது... நீண்டது. நடை கிட்டத்தில் வந்தது. எப்படிக் கிட்டத்தில் என்று தெரிந்தது என்றால், நெல் வேகிற வாசனை இந்தத் தடவை முகத்தில் ஆவியாக அடித்தது. அவள் மூக்குக்கண்ணாடி பனித்துப்போனது. துடைத்துப் போட்டுக்கொண்டாள். எதிரே ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நடை நின்றது. அப்புறம் வெட்டுகள் வேறு மாதிரி விழுந்தன. வேண்டாததைக் கத்தரித்துத் தள்ளுவது போல.

“ஸ்ஸ்ஸ்... நடுவில்... ஸ்ஸ்ஸ்... ஆள்... ஸ்ஸ்ஸ்.”

அவன் குரல்தான். அவன் பதிவு செய்த வார்த்தைகள்தான். மற்றதையெல்லாம் யாரோ கையால் பொத்திப் பொத்தி மறைத்திருந்தார்கள்.

பதிவு மறுபடி முதலிலிருந்து ஓடியது.

“ஸ்ஸ்ஸ்... ஸ்ரீசரண்... ஸ்ஸ்ஸ்... குரல்... ஸ்ஸ்ஸ்... நிற்கும்.”

“சார்,” என்றாள். “சார், கேக்குதா?”

“லூஸ் கனெக்ஷன்,” என்றான் ஸ்ரீசரண். குரலில் எரிச்சல்தான் இருந்தது, பயம் இல்லை. மடையர்கள் செய்த பெட்டி வேறு எப்படி இருக்கும் என்கிற எரிச்சல். “அசையாதீங்க. நான் நடுவுல வந்து நிக்கிறேன். மொத்தமா நிக்குதான்னு பாருங்க.”

நடந்து வந்தான். கோடவுனின் நடுவில், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, எஸ்தரைப் பார்த்தபடி இடுப்பில் கை வைத்து நின்றான். விளக்கு அவனுக்குப் பின்னால் முழுதாக மறைந்தது. எஸ்தரின் கண்ணுக்கு அவன் வெறும் கறுப்பு உருவம். அவள் மடியிலும் பெட்டியின் மேலும் அவன் நிழல் விழுந்தது.

குரல் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

“...என் குரல் இந்த வெளிச்சத்தில் ஏறி வருகிறது. குறுக்கே ஆள் வந்தால் நிற்கும்...”

ஒரு வார்த்தைகூட விடாமல், பிசிறில்லாமல் ஓடியது. அந்த இடத்தில் யாரும் நிற்காதது போல.

அவன் ஏதோ கேட்கிறான் என்று தெரிந்தது. தலை அசைந்தது. கை நீண்டது. எஸ்தர் டார்ச்சை அவன் முகத்துக்குக் கீழே அடித்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. தொண்டை நரம்பு புடைத்திருந்தது. கத்துகிறான்... சத்தம் இல்லை. கோடவுனில் இருந்த ஒரே குரல் அவள் மடியில் இருந்த பெட்டியிலிருந்து வந்தது.

“...இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.”

எஸ்தருக்கு அவனைப் பிடிக்காது. அவன் நாசமாய்ப் போகட்டும் என்று முந்தின ராத்திரிதான் நினைத்திருந்தாள். ஆனாலும் எழுந்து ஓடினாள். அவன் சட்டையைப் பிடித்து, வெளிச்சத்தை விட்டுப் பக்கத்தில் இழுத்துத் தள்ளினாள். சட்டை, ஈரக் கோணி மாதிரி சொதசொதவென்று இருந்தது.

“...ன்னு எத்தனை தடவை கேக்குறேன், செவிடா நீ!” என்று அவன் குரல் பாதியிலிருந்து வெடித்தது.

இருவரும் கதவுக்கு ஓடினார்கள். விளக்கு, பேட்டரி, லேப்டாப் எல்லாம் அங்கேயே கிடந்தன. கர்ச்சீப் முடிச்சு அவனுக்கு அவிழவில்லை. எஸ்தர்தான் அவிழ்த்தாள். பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவள் செய்தது அல்லவா?

உடனே எல்லோரும் கேட்பீர்கள், அந்த மில்லில் யார் செத்தது, கால் ஊனமான பொம்பளை யாராவது பாய்லரில் விழுந்தாளா என்று. டேனியல் போய் விசாரித்துவிட்டான். துரைக்கண்ணுவைக் கேட்டான், பழைய கூலி ஆட்களைக் கேட்டான். அந்த மில்லில் யாரும் சாகவில்லை. கால் ஊனமானவர்கள் யாரும் வேலை பார்க்கவில்லை. ஒரு காரணம் கிடைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்க்கிறீர்கள். கிடையாது.

ஸ்ரீசரண் கல்லூரிக்கு வருவதை நிறுத்தினான். காய்ச்சல் என்றார்கள். கண்காட்சி அவன் இல்லாமலே நடந்து முடிந்தது. எஸ்தர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். சித்தப்பா வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து பீடியாகப் புகைத்துக்கொண்டிருந்தார். பந்தயம் பந்தயம்தானே? ஒரு சாயங்காலம் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனாள்.

கதவைத் திறந்தது ஸ்ரீசரணின் அம்மா மங்கை. மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தாள். “வாம்மா, உள்ள வா,” என்றவள் கூடத்தின் குறுக்கே நடக்கவில்லை. சுவரை ஒட்டி, முதுகை வளைத்து, எலி போகிற மாதிரி சுற்றிக்கொண்டு போனாள்.

கூடத்தில் ஒரு நாற்காலி. எதிர்ச் சுவரில் டியூப் லைட். அதை நேராகப் பார்த்தபடி ஸ்ரீசரண் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். பேச்சு மட்டும் அதே பேச்சு.

“எதுக்கு வந்தீங்க? உங்க சித்தப்பனுக்கு சிபாரிசா?”

“நீங்க சொன்ன வார்த்தை சார். மன்னிப்புகூட வேணாம், துரைக்கண்ணு சார்கிட்ட ஒரு போன் போட்டா போதும்.”

“போனா? உங்க ஆளு அங்க என்ன தில்லுமுல்லு பண்ணி வெச்சான்னு நான் போலீ...”

நின்றது. உதடுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

மங்கை காப்பி டம்ளரோடு மறந்துபோய் நேராக வந்துவிட்டாள். டியூப் லைட்டுக்கும் மகனுக்கும் நடுவில் நின்றாள். அவள் நிழல் அவன் முகத்தின் மேல் இருந்தது. சட்டென்று நினைவு வந்து, பதறி விலகினாள்.

“...ல சொல்லிடுவேன்!” என்றது குரல். அவன் அம்மா பக்கம் திரும்பினான். “குறுக்க வராதேன்னு எத்தனை தடவை சொல்றது? அறிவு இருக்கா உனக்கு?”

மங்கை சுவர்ப் பக்கம் ஒதுங்கினாள். டம்ளரைக் கீழே வைத்தாள். எஸ்தருக்கு வந்த காரியம் மறந்துவிட்டது. எழுந்து போய்விட வேண்டும், உடனே இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும்... செருப்பு எங்கே விட்டோம் என்று வாசல் பக்கம் பார்த்தாள்.

கரண்ட் போனது.

அந்த வருஷம் தினமும் போவதுதான். தெரு மொத்தமும் ‘ஓ’ என்றது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை கைதட்டியது. அப்புறம் இருட்டு... கூடத்தில் ஒரு பேச்சும் இல்லை. நாற்காலிப் பக்கத்தில் வாய் திறந்து மூடுகிற ஈரச் சத்தம் மட்டும். ‘ப்ச்... ப்ச்...’ அவன் பேசிக்கொண்டிருக்கிறான். யாரையோ திட்டுகிறான். இல்லை, கூப்பிடுகிறானோ என்னவோ.

“ஐயோ, எமர்ஜென்ஸி லைட்ல சார்ஜ் இல்லையே,” என்று மங்கை அழுகையும் பேச்சுமாக மாடத்தில் தடவினாள். “இங்கதானே வெச்சேன்... வத்திப்பெட்டிய இங்கதானே வெச்சேன்...” பாத்திரம் ஒன்று உருண்டது. “எஸ்தர், நீ எங்கம்மா இருக்கே? அசையாதே. இதோ ஏத்திடறேன்.”

அந்த ஈரச் சத்தம் நின்றது. கூடத்தில் நெல் வேகிற வாசனை ஏறியது.

அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து, ஒரு பொம்பளைக் குரல் வந்தது. கோபமில்லாத, அவசரமில்லாத குரல்.

“தேடாதமா... வத்திப்பொட்டி எங்கிட்டதான் இருக்குது.”